புதிய லினக்ஸ் வந்திருக்கிறதாம், போடலாமா? ஒரகடம் வட்டாரத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அது ஓடும் கம்ப்யூட்டர்கள் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வல்லம் வடகால், ஒரகடம் வரை சிறு பட்டறைகளின் ஆபீஸ் மேஜைகளில் இன்றும் நிறைய இருக்கின்றன. சுங்குவார்சத்திரத்தில் நாலு பேர் சேர்ந்து ரூம் எடுத்துத் தங்கி ஷிஃப்டுக்குப் போகும் பையன்களின் செகண்ட் ஹேண்ட் லேப்டாப்களும் இதே ரகம்தான். விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை ப்ராசஸராவது வேண்டும். நல்ல நிலையில் ஓடும் பழைய கருவியைத் தூக்கிப் போட யாருக்கும் மனசு வராது.

அதனால்தான் ஒவ்வொரு முறை புதிய லினக்ஸ் வெளியாகும்போதும் அந்தக் கேள்வி எழுகிறது: “போடலாமா?” ஒரு வீடியோ ஆஹா என்கிறது, இன்னொன்று கிட்டேயே போகாதே என்கிறது. இரண்டுக்கும் நடுவில் நின்று நாமே முடிவெடுக்கப் பழகுவோம். விமர்சனத்தைப் படிப்பதில் தொடங்கி, சோதித்து, நிறுவி, கடைசியில் நம் அனுபவத்தை நாமே எழுதுவதுவரை சேர்ந்தே போகலாம்.

என்ன வெளிவந்திருக்கிறது?

லினக்ஸ் என்பது உண்மையில் கெர்னல் என்ற மையப் பகுதி. அதன்மேல் டெஸ்க்டாப், மென்பொருள்கள், அமைப்புகள் எல்லாம் சேர்த்துத் தருவதுதான் டிஸ்ட்ரோ. உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன், ஃபெடோரா எல்லாம் டிஸ்ட்ரோக்கள். மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னைப் பிரிவு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனின் மேல் கட்டப்பட்டது. அதன் முதல் பதிப்பு 2007-இல் வந்தது.

உபுண்டு ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் வரும். பதிப்பு எண்ணிலேயே ஆண்டும் மாதமும் இருக்கும்: 24.04 என்றால் 2024 ஏப்ரல். இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரலில் வருவது எல்.டி.எஸ்., அதாவது நீண்டகால ஆதரவுப் பதிப்பு. அதற்கு 5 ஆண்டு அப்டேட் உண்டு. மற்றவற்றுக்கு 9 மாதம்தான். புதிய லினக்ஸ் பற்றி எதைப் படித்தாலும் இது எல்.டி.எஸ்.ஸா, இடைக்காலப் பதிப்பா என்று முதலில் பாருங்கள்.

செய்தித் தலைப்பை எப்படிப் படிப்பது?

2023 ஜனவரியில் சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் வளர்ந்த ஒரு நிறுவனம் ‘பாரோஸ்’ என்ற கைபேசி இயங்குதளத்தை அறிவித்தது. மத்திய அமைச்சர்கள் அஸ்வினி வைஷ்ணவும் தர்மேந்திர பிரதானும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். ‘சுதேசி’ என்ற சொல்லைச் சுற்றியே செய்திகள் பறந்தன. விவரம் தெரிந்தவர்கள் உடனே சுட்டிக்காட்டினார்கள்: அடித்தளம் ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரல், அதற்கும் அடியில் லினக்ஸ் கெர்னல்.

இன்னொருவர் கட்டியதன் மேல் கட்டுவதில் குறையே இல்லை. உபுண்டு டெபியனின் மேல் நிற்கிறது, மின்ட் உபுண்டுவின் மேல் நிற்கிறது. குறை செய்தி எழுதப்பட்ட விதத்தில் இருந்தது. எந்தெந்தக் கைபேசியில் ஓடும், மூலநிரல் எங்கே கிடைக்கும், எத்தனை ஆண்டு அப்டேட் வரும் என்ற மூன்று கேள்விகளையும் பல செய்திகள் கேட்கவே இல்லை. ஆனால் வாங்கப் போகிறவருக்கு அவைதான் முக்கியம்.

பாஸ் லினக்ஸுக்கு 2015-இலும், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட பாதுகாப்பு அமைச்சகத்தின் ‘மாயா’வுக்கு 2023-இலும் இதே மாதிரி செய்தி அலை வந்தது. ஒரு கட்டுரை நாட்டுப் பெருமையை மட்டும் பேசினால் மகிழ்ச்சியோடு படித்துக்கொள்வோம், அதை வைத்து முடிவெடுக்க மட்டும் வேண்டாம்.

பயனர் அனுபவத்தை எப்படிச் சலிப்பது?

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்ப்போம். புதிய பதிப்பு வந்த முதல் வாரத்தில் எழும் புகார்கள் ஒரே இனமல்ல.

முதலாவது, பழக்கம் மாறியதால் வரும் கோபம். 2011 ஏப்ரலில் உபுண்டு 11.04 ‘யூனிட்டி’ என்ற புதிய டெஸ்க்டாப்போடு வந்தபோது பழைய பயனர்கள் கொதித்தார்கள். மெனு இடம் மாறியது. பலர் லினக்ஸ் மின்டுக்குப் போய்விட்டார்கள். 2017 ஏப்ரலில் உபுண்டுவின் நிறுவனர் மார்க் ஷட்டில்வொர்த் யூனிட்டியைக் கைவிடுவதாக அறிவித்தபோது, அதை நேசித்துப் பழகிய இன்னொரு கூட்டம் வருந்தியது. முதன்முறையாக லினக்ஸுக்கு வரும் நமக்குப் பழைய பழக்கமே இல்லை. ஆகவே இந்த வகைப் புகாரைத் தயங்காமல் தாண்டிப் போகலாம்.

இரண்டாவது, உண்மையான கோளாறு. 2024 ஏப்ரலில் 24.04 வந்தபோது, தனியாக டவுன்லோட் செய்த மென்பொருள் கோப்பை இரட்டைக் கிளிக் செய்து நிறுவ முடியவில்லை. புதியவர்கள் முதல் நாளே முட்டிக்கொள்ளும் இடம் அது. 2025 அக்டோபரில் வந்த 25.10-இல், ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதிய அடிப்படைக் கருவிகளில் ஒரு பிழை இருந்தது. கோப்பின் தேதியைச் சொல்லும் கட்டளை தவறாக வேலை செய்ததால், தானாக அப்டேட் தேடும் வசதியே நின்றுபோனது. நாமாகக் கட்டளை கொடுத்தால் அப்டேட் வந்தது, தானாக வரவில்லை. இதெல்லாம் கவனிக்க வேண்டிய புகார். ஆனால் கூடவே, எப்போது சரிசெய்தார்கள் என்றும் பாருங்கள். 25.10 கோளாறுக்கு அதே மாதத்தில் திருத்தம் வந்துவிட்டது.

மூன்றாவது, கொள்கை சார்ந்த விமர்சனம். 2012-இல் உபுண்டு 12.10, நம் கம்ப்யூட்டருக்குள் நாம் தேடும் சொல்லை வெளியே அனுப்பி அமேசான் பொருள்களைக் காட்டத் தொடங்கியது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் அதை உளவு மென்பொருள் என்றே கண்டித்தார். விமர்சனம் ஓயவில்லை; 2016-இல் 16.04 வந்தபோது அந்த வசதி இயல்பாகவே அணைக்கப்பட்டிருந்தது. இத்தகைய விமர்சனம் எவ்வளவு பழையதானாலும் எனக்கு மதிப்புக்குரியது. அதை எழுதியவர்களால்தான் நாம் இன்று நிம்மதியாகப் பயன்படுத்துகிறோம்.

ஒரு அனுபவப் பதிவில் கருவியின் மாடல், ரேம் அளவு, எத்தனை நாள் பயன்படுத்தினார், என்ன வேலை செய்தார், புதிதாக நிறுவினாரா பழையதிலிருந்து ஏற்றினாரா என்ற விவரங்கள் இல்லை என்றால், அதற்கு எடை குறைவு. நம்மூரிலேயே உதாரணம் உண்டு. 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. ‘பாஸ் நல்லா இருக்காது’ என்று இன்றும் சொல்பவர்களிடம் அதில் என்ன செய்து பார்த்தீர்கள் என்று கேளுங்கள். சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல், திறந்துகூடப் பார்க்காமல் அழித்தவர்கள் பலர். அவர்கள்மேல் தவறில்லை, ஆனால் அது அந்த மென்பொருளைப் பற்றிய சாட்சியமும் அல்ல.

நம் வேலைக்கு ஒத்துவருமா?

அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ உட்கார்ந்து எழுதும் விமர்சகர் புதிய லேப்டாப்பில் சோதிக்கிறார். அவர் மேஜையில் கெனான் எல்.பி.பி. 2900 பிரின்டர் இருக்காது. நம் பக்கத்தில் ஜெராக்ஸ் கடையிலிருந்து பட்டறை ஆபீஸ் வரை அதுதான் ராஜா. லினக்ஸில் அதைச் செருகியதும் வேலை செய்யாது. கேப்ட் என்ற டிரைவரைத் தனியாகப் போட்டு மல்லுக்கட்ட வேண்டும். ஹெச்.பி. லேசர்ஜெட் 1020 என்றால் ஹெச்.பி.லிப் மென்பொருளோடு ஒரு கூடுதல் பிளக்-இன் போட்டால் ஓடும். எப்சன் எல் வரிசை இங்க் டேங்க் பிரின்டர்கள் அதிகம் தொல்லை தருவதில்லை. பிரின்டர் ஒன்றே நம் முடிவை மாற்றிவிடலாம், அதனால் அதன் மாடல் எண்ணை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்.

அடுத்து மென்பொருள். டேலிபிரைம் விண்டோஸுக்கு மட்டுமே வருகிறது. கணக்கு பார்க்கும் கம்ப்யூட்டரை விண்டோஸிலேயே விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம். சாலிட்வொர்க்ஸ், ஆட்டோகேட் இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பு கிடையாது. வரைபடம் கற்றுக்கொள்ளும் ஐ.டி.ஐ., டிப்ளமோ மாணவர்களுக்கு ஃப்ரீகேட் இருக்கிறது. 2024 நவம்பரில் அதன் 1.0 பதிப்பு வந்துவிட்டது. ஜி.எஸ்.டி. தளம், பி.எஃப். தளம் எல்லாம் பிரவுசரில் திறக்கும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் பயன்படுத்துகிறீர்களா? உங்கள் டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று விற்றவரிடம் கேட்டுவிட்டு மேலே போங்கள்.

எக்செல் கோப்புகளை லிப்ரே ஆபீஸ் திறக்கும். கார் கம்பெனி அனுப்பும் ஃபார்மட்டில் மேக்ரோ இருந்தால் மட்டும் சிக்கல் வரலாம். அப்படி ஒரு கோப்பைக் கையோடு பென்டிரைவில் எடுத்து வையுங்கள், சோதனைக்குத் தேவைப்படும்.

எதைத் தேர்ந்தெடுப்பது, எப்போது?

புதியவர்களுக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட் 22 வரிசை. உபுண்டு 24.04-இன் மேல் கட்டப்பட்டது, 2029 வரை அப்டேட் உண்டு, கீழே மெனு, ஓரத்தில் கடிகாரம் என்று விண்டோஸ் பழகிய கண்ணுக்கு அந்நியமாக இருக்காது. 4 ஜி.பி. ரேம் இருந்தால் சமாளிக்கலாம், 8 இருந்தால் சுகம்.

புத்தம்புதுப் பதிப்பு வெளியான அன்றே போட வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. லைனில் ஃபர்ஸ்ட் பீஸ் அப்ரூவல் ஆகாமல் லாட் ஓட்ட மாட்டோமே, அதே நிதானம் இங்கும் வேண்டும். உபுண்டு எல்.டி.எஸ். வந்து சில மாதங்களில் திருத்தங்கள் சேர்ந்த ‘.1’ பதிப்பு வரும். 24.04.1-ஐ 2024 ஆகஸ்ட் 15-க்குத் திட்டமிட்டு, கோளாறுகளைச் சரிசெய்ய ஆகஸ்ட் 29-க்குத் தள்ளினார்கள். தள்ளிப்போனது என்று சில செய்திகள் குறை சொன்னன. எனக்கோ அது நம்பிக்கை தந்தது.

நிறுவாமலே சோதிப்பது எப்படி?

லினக்ஸின் பெரிய வசதி இதுதான்: பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், ஹார்ட் டிஸ்க்கைத் தொட வேண்டாம்.

மின்டின் அதிகாரபூர்வ தளத்திலிருந்து ஐ.எஸ்.ஓ. கோப்பை இறக்குங்கள். சுமார் 3 ஜி.பி. வரும், ரூமில் வைஃபை இல்லாவிட்டால் இரண்டு நாள் மொபைல் டேட்டாவில் பிரித்து இறக்கலாம். பிறகு, இறக்கிய கோப்பின் கைரேகை போன்ற எஸ்.ஹெச்.ஏ. 256 எண்ணை அதே தளத்தில் தரப்பட்டுள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். இந்தப் படியைத் தாண்டாதீர்கள். 2016 பிப்ரவரி 20 அன்று மின்ட் தளத்துக்குள்ளேயே புகுந்து, ரகசியக் கதவு வைத்த ஐ.எஸ்.ஓ.வுக்கு இணைப்பை மாற்றிவிட்டார்கள். மின்ட் குழு மறைக்காமல் உடனே அறிவித்தது. எண்ணைச் சரியான இடத்திலிருந்து எடுத்து ஒப்பிட்டவர்கள் தப்பினார்கள்.

விண்டோஸில் ரூஃபஸ் அல்லது எட்சர் மென்பொருளால் ஐ.எஸ்.ஓ.வைப் பென்டிரைவில் எழுதுங்கள். பென்டிரைவில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும் என்பது நினைவிருக்கட்டும். கம்ப்யூட்டரை அணைத்து, பென்டிரைவைச் செருகி, ஆன் செய்ததும் பூட் மெனு விசையைத் தட்டுங்கள். நம் ஸ்ரீபெரும்புதூரில் 2007 முதல் ஆலை நடத்தும் டெல்லின் கருவிகளில் எஃப் 12, ஹெச்.பி.யில் எஃப் 9, லெனோவாவில் பெரும்பாலும் எஃப் 12.

டெஸ்க்டாப் வந்ததும் அவசரப்படாமல் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வைஃபை பிடிக்கிறதா? பிடிக்காவிட்டால் மொபைலை யு.எஸ்.பி. கேபிளில் இணைத்து டெதரிங் போடுங்கள், அநேகமாக இணையம் வந்துவிடும். அதை வைத்து டிரைவர் தேடலாம். பாட்டு ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். கேமரா, ஸ்கிரீன் வெளிச்சம், மூடித் திறந்தால் விழிக்கிறதா, பேட்டரி அளவு காட்டுகிறதா என்று பாருங்கள். எழுதி வைத்த பிரின்டரை இணைத்து ஒரு டெலிவரி சலான் அடித்துப் பாருங்கள். அந்த மேக்ரோ கோப்பைத் திறந்து ஒரு எண்ணை மாற்றுங்கள். பென்டிரைவிலிருந்து ஓடும்போது வேகம் குறைவாகத்தான் இருக்கும், அதைக் குறையாக எழுத வேண்டாம்.

எல்லாவற்றையும் தாளில் சரி, தவறு என்று குறித்துக்கொள்ளுங்கள். வேறு எவர் விமர்சனத்தையும்விட உங்களுக்குப் பயன்படப் போவது இந்தத் தாள்தான்.

நிறுவுவது எப்படி?

முதல் வேலை பேக்கப். கோப்புகள், போட்டோக்கள், பேஸ்லிப்புகள், சான்றிதழ் ஸ்கேன்கள் எல்லாம் வெளி டிஸ்க்குக்குப் போகட்டும். விண்டோஸில் பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டு போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொண்டு அதை அணையுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணையுங்கள்.

பிறகு, மறுபடி பென்டிரைவிலிருந்து பூட் செய்து டெஸ்க்டாப்பில் இருக்கும் இன்ஸ்டால் ஐகானை இரட்டைக் கிளிக் செய்யுங்கள். மல்டிமீடியா கோடெக் பெட்டியை டிக் செய்யுங்கள். டிஸ்க் கேள்வி வரும்போது நின்று படியுங்கள். ‘விண்டோஸோடு சேர்த்து’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் இரண்டும் இருக்கும். ‘டிஸ்க்கை அழி’ என்றால் எல்லாம் போய்விடும். இரண்டும் இருக்கட்டும் என்றால் லினக்ஸுக்கு 60 முதல் 100 ஜி.பி. வரை ஒதுக்கினால் நெருக்கடி இருக்காது. எஸ்.எஸ்.டி. இருந்தால் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

முதல் முறை உள்ளே போனதும் அப்டேட் மேனேஜரை ஓட்டுங்கள், அடுத்து டிரைவர் மேனேஜர், அதற்கடுத்து டைம்ஷிஃப்ட். டைம்ஷிஃப்டில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்தால், பின்னால் ஏதாவது அப்டேட் சொதப்பினாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். அது நம் கோப்புகளுக்கான பேக்கப் அல்ல, அதைத் தனியாக எடுக்க வேண்டும்.

தமிழுக்கு என்ன செய்வது?

யூனிகோடு தமிழ் படிக்க எதுவும் செய்ய வேண்டாம். தட்டச்சு செய்ய, விசைப்பலகை அமைப்பில் தமிழ் 99-ஐச் சேர்த்தால் போதும். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக வர வேண்டும் என்றால் ஐபஸ், எம்17என் தொகுப்புகளை நிறுவுங்கள். மொபைலில் பழகியவர்களுக்கு அதுதான் எளிது.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் செய்த நோட்டீஸ், கடிதங்கள் இருந்தால் அந்த எழுத்துருக் கோப்பை உங்கள் ஃபான்ட் ஃபோல்டரில் போட்டால் தெரியும். நேரம் கிடைக்கும்போது யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

எவ்வளவு செலவாகும்?

மென்பொருளுக்கு ஒரு பைசா இல்லை. 16 ஜி.பி. பென்டிரைவ் ஐந்நூறு ரூபாய்க்குள் முடியும். பழைய லேப்டாப்பில் இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால், காசை முதலில் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.க்குச் செலவழியுங்கள், கருவியின் வேகமே மாறிவிடும். அடுத்தது ரேம். இந்த இரண்டின் விலையும் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குவதால், சென்னை ரிச்சி தெருவில் இரண்டு மூன்று கடையாவது விசாரித்துவிட்டு வாங்குங்கள். மாடலைச் சொல்லி, எந்த வகை ரேம் பொருந்தும் என்று உறுதி செய்தபிறகே பணம் கொடுங்கள்.

பட்டறை என்றால் இன்னொரு செலவும் உண்டு: ஆள்கள் பழகும் நேரம். ஆபீஸில் ஐந்து கம்ப்யூட்டர் இருந்தால் ஒன்றை மட்டும் முதலில் மாற்றுங்கள், அதுவும் முதலாளி பயன்படுத்துவதாக இருந்தால் நல்லது. ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது தமிழக அரசின் எல்காட் நிறுவனம் ஊருக்குச் சொல்லும் முன் தன் அலுவலகக் கம்ப்யூட்டர்களைத்தான் சூசே லினக்ஸுக்கு மாற்றியது.

எச்சரிக்கை

கம்பெனி கொடுத்த லேப்டாப்பில் கை வைக்காதீர்கள், ஐ.டி. பிரிவின் அனுமதி இல்லாமல் பென்டிரைவ் பூட் செய்வதுகூட வேலைக்கே உலை வைக்கலாம். சி.என்.சி. மெஷினோடு இணைந்த கம்ப்யூட்டரையும் விட்டுவிடுங்கள். அதில் மெஷின் செய்த கம்பெனியின் மென்பொருள் இருக்கும்.

‘சூடோ’ என்று தொடங்கும் கட்டளையை வீடியோவில் பார்த்து அப்படியே ஒட்டாதீர்கள். அது கம்ப்யூட்டரின் முழு அதிகாரத்தையும் அந்த வரிக்குக் கொடுக்கிறது. என்ன செய்யும் என்று புரிந்தபிறகு தட்டுங்கள், அந்த வீடியோ எந்தப் பதிப்புக்கானது என்றும் பாருங்கள்.

நம் அனுபவத்தை எழுதுவது எப்படி?

ஒரு மாதம் ஓட்டியபிறகு எழுதுங்கள். இந்த வட்டாரத்தின் பிரின்டர்களையும் பார்கோடு லேபிள் மெஷின்களையும் தமிழ் எழுத்துருக்களையும் பற்றி நாம் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை.

எழுதும் இடங்கள் உண்டு. 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே கட்டுரைகளை வெளியிட்டுவரும் ‘கணியம்’ இதழ் புதியவர்களின் எழுத்தை வரவேற்கிறது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு நம் மாவட்டத்துக்காரர்களுடையது. சிக்கிக்கொண்டால் அங்கே தமிழிலேயே கேட்கலாம். சென்னையில் ஐ.எல்.யூ.ஜி.சி. என்ற லினக்ஸ் பயனர் குழு பல ஆண்டுகளாக இயங்குகிறது.

கோளாறு கண்டால் உருவாக்குநர்களுக்கே தெரிவிக்கலாம், உபுண்டுவுக்கு அந்த இடம் லாஞ்ச்பேட். ‘பிரின்டர் வேலை செய்யல’ என்று மட்டும் எழுதினால் யாராலும் உதவ முடியாது. கருவியின் மாடல், டிஸ்ட்ரோவின் பதிப்பு எண், கெர்னல் எண், பிரின்டர் மாடல், நீங்கள் செய்தது, நடக்க வேண்டியது, நடந்தது என்ற வரிசையில் எழுதுங்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை. திரையில் வந்த பிழைச் செய்தியை மட்டும் ஓர் எழுத்துகூட மாற்றாமல் அப்படியே ஒட்டி, ஸ்கிரீன்ஷாட் ஒன்றையும் இணைத்து அனுப்புங்கள்.